அரும்பு யார், மலர் யார்?

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்குள் இன்று நுழைந்தால் பிள்ளைகளை மூன்று பெயர்களில் பிரித்திருப்பதைப் பார்க்கலாம்: அரும்பு, மொட்டு, மலர். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் ஏற்பாடு இது. முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை வந்தது, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் நீண்டது. எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரியும் என்று பார்த்து, அதற்கேற்ற பயிற்சி நூலைக் கையில் கொடுப்பது. இந்த நோக்கத்தோடு நமக்குச் சண்டை இல்லை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத்தான் படிக்கிறார்கள் என்ற பொய்யை அரசே கைவிட்டது நல்ல காரியம்.

நம் கேள்வி வேறு. யார் அரும்பு? ஓராண்டு கழித்தும் அதே பிள்ளைகள் அரும்பாகவே இருக்கிறார்களா? இருந்தால், அவர்களுடைய வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன?

இதைக் கேட்டால் கல்வி அதிகாரிகளுக்குக் கோபம் வருகிறது. "பள்ளிக்கூடத்துக்குள் சாதியைக் கொண்டுவராதீர்கள்" என்கிறார்கள். என்னவோ அது வெளியே செருப்போடு கழற்றி வைக்கப்பட்டிருப்பதைப் போல!

நாம் சொல்ல வருவது இதுதான். ஒரே வகுப்பில் வெவ்வேறு நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றி நடத்துவது ஒரு முழுப் படிப்பு. வட்டார வள மையத்தில் இரண்டு நாள் பயிற்சியும் தேநீரும் கொடுத்து முடிக்கிற விஷயம் அல்ல. ஆசிரியர்கள் அதை முதுகலை அளவில், சம்பளத்தோடு, தங்கள் சொந்த வகுப்பையே களமாக வைத்துப் படிக்க வேண்டும். அந்தப் படிப்பின் நடுவில் சாதி இருக்க வேண்டும். சாதியை விட்டுவிட்டு இதைச் சொல்லிக்கொடுத்தால், கடைசி வரிசைக்கு ஒரு விஞ்ஞானப் பெயர் கிடைக்கும், அவ்வளவுதான்.

சட்டம் இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இடம்தான் நினைவுக்கு வரும். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 'ஒவ்வொரு குழந்தையின்' என்கிறது சட்டம். 8ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. நலிந்த பிரிவைச் சேர்ந்த குழந்தை எந்தக் காரணத்தாலும் பாகுபாட்டுக்கு ஆளாகாமல், படிப்பை முடிக்கத் தடையில்லாமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு என்கிறது. கடமையை எழுதிவைத்தார்கள். அதை எப்படிச் செய்வது என்று ஆசிரியருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

நாங்கள் வட மாவட்டம் ஒன்றின் காலனிகளில் மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே ஒரு பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். 1 முதல் 5 வரை ஐந்து வகுப்பு. தலைமையாசிரியர் எமிஸ் பதிவு, கூட்டம், சத்துணவுக் கணக்கு என்று போய்விட்டால் மிச்சமிருக்கும் ஒருவர்தான் எல்லாம். அவர் கெட்ட மனிதர் அல்ல. தினமும் முப்பது கிலோமீட்டர் பைக்கில் வந்து போகிறவர், பிள்ளைகளை அடிக்காதவர். அவர் எங்களிடம் கேட்டது: "ஒரு ரூம்ல மூணு கிளாஸ் உக்காந்திருக்கு சார். ஆளுக்கொரு பாடம் எப்டி சார் நடத்துறது?" நியாயமான கேள்வி. ஆனால் அடுத்த மூச்சில் சொன்னார்: "அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு வீட்ல சொல்லிக்குடுக்க ஆளில்ல. அதான் அரும்புல வச்சிருக்கேன்." எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கையில் எந்த நூல் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனைச் சொல்ல வேண்டும். தை பிறந்ததும் அவன் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள், அவனையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு. திரும்பி வருவது ஆனி பக்கத்தில். ஒவ்வொரு ஆண்டும் கடைசி ஐந்து மாதப் பாடம் அவனுக்குக் கிடையாது. பதிவேட்டில் அவன் 'மெல்லக் கற்பவன்'. ஆனால் சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு நாளில் அறுத்த கல் எத்தனை, உடைந்தது கழித்தால் எத்தனை, முன்பணத்தில் எவ்வளவு கழியும் என்று அவன் மனக்கணக்காகச் சொல்வான். மேஸ்திரி ஏமாற்றியதைக் கண்டுபிடித்ததும் அவன்தான். நான்கு இலக்கக் கழித்தலைத் தாளில் எழுதச் சொன்னால் எழுத வராது. இவனை எந்தப் பூவில் சேர்ப்பது?

இங்கேதான் அந்தப் படிப்பு வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கரோல் ஆன் டாம்லின்சன் 1995இல் இது குறித்து ஒரு நூல் எழுதினார். கலப்புத் திறன் வகுப்பில் பாடத்தை எப்படி வேறுபடுத்துவது என்பதுதான் நூலின் பொருள், தலைப்பும் அதுவே. இன்று உலகெங்கும் ஆசிரியர் கல்வியில் பேசப்படும் 'வேறுபடுத்திக் கற்பித்தல்' பெரும்பாலும் அவர் வழியாக வந்தது. சாரம் எளிது. ஒரு பாடத்தில் மூன்று இடங்களில் மாற்றம் செய்யலாம். எதைப் படிக்கக் கொடுக்கிறோம், எந்த வழியில் கற்கவிடுகிறோம், கற்றதை எந்த வடிவில் காட்டச் சொல்கிறோம். சூளைப் பையனுக்கு அதே நான்கு இலக்கக் கழித்தல்தான், ஆனால் அவன் அதைக் கல் கணக்கிலிருந்து தொடங்கலாம், முதலில் வாயால் சொல்லலாம், பக்கத்துப் பையன் அதை எழுதலாம், மறுநாள் இடம் மாறலாம். எழுதத் தெரிந்த பையனுக்கு மனக்கணக்கு வராது, அதை இவனிடம் கற்றுக்கொள்வான். குழுக்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை விதி. இன்று வாசிப்புக்கு ஒரு குழு, நாளை கணக்குக்கு வேறு குழு. ஒரே குழுவில் பிள்ளையை ஆண்டு முழுக்க உட்காரவைத்தால் அதன் பெயர் தரம் பிரித்தல். இரண்டும் ஒன்று என்றுதான் நம் பள்ளிகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தரம் பிரித்தல் என்ன செய்யும் என்பதற்கு சமூகவியலில் பழைய சான்று ஒன்று உண்டு. எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது நம் ஊரைப் பற்றி எழுதியிருப்பதாகவே எங்களுக்குத் தோன்றியது. ரே ரிஸ்ட் என்ற ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட கட்டுரை. கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் பள்ளி, ஆசிரியரும் கறுப்பினத்தவர். மழலையர் வகுப்பின் எட்டாம் நாளிலேயே ஆசிரியர் பிள்ளைகளை மூன்று மேசைகளில் நிரந்தரமாக உட்காரவைத்துவிட்டார். எந்தத் தேர்வும் வைத்து அல்ல. உடுப்பு, உடல் வாசனை, பேச்சு, வீட்டின் வறுமை இவற்றைப் பார்த்து. முதல் மேசைக்கு ஆசிரியரின் கண்ணும் கேள்வியும் போயின. மற்ற மேசைகளுக்கு அதட்டல் போனது. இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது குழுக்களுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மேல் குழு புலிகள், கடைசிக் குழு கோமாளிகள். நாம் பூப்பெயர் வைத்திருக்கிறோம், கொஞ்சம் நாகரிகம்தான்.

வர்க்கத்துக்கே இப்படியென்றால் சாதிக்கு? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேச கிராமத்துப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது தலித் பையன்களும் ஆதிக்க சாதிப் பையன்களும் ஏறத்தாழ சமமாகவே புதிர்களை விடுவித்தார்கள். எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் அறிவித்ததும் தலித் பையன்களின் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. அதே பையன்கள், அதே மூளை. இதைப் படித்துவிட்டு, கல்வி உதவித்தொகைக்காக "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்று வகுப்பின் நடுவில் கேட்கும் நம் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். அடுத்த பாடவேளையில் அந்தப் பிள்ளைக்குத் திறன் கணிப்புத் தேர்வு வைத்தால் எந்தத் திறனைக் கணிக்கிறோம்?

ரேமா ஹன்னா, லீ லிண்டன் 2012இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நமக்குக் கொஞ்சம் சங்கடமானது. விடைத்தாள்களின் முகப்பில் சாதியை மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதியிருந்த தாளுக்கு மதிப்பெண் சிறிது குறைந்தது. அப்படிக் குறைத்தவர்கள் யாரென்று பிரித்துப் பார்த்தால், அதில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே இருந்தார்கள். இதை மறைத்துவிட்டு எழுத நாங்கள் விரும்பவில்லை. நம் சமூகத்தவர் ஆசிரியராக வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் மேடையில் பேசுகிறோம். வர வேண்டும், வந்தே தீர வேண்டும். அவரும் அதே பி.எட். படிப்பில் அதே மதிப்பீடுகளை விழுங்கிவிட்டுத்தான் வருகிறார்.

அந்த பி.எட். என்ன சொல்லிக்கொடுக்கிறது? 2015இலிருந்து அது இரண்டு ஆண்டுப் படிப்பு. உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது பற்றி ஒரு தாள் இருக்கிறது. அதில் பேசப்படுவது பெரும்பாலும் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பற்றி. அது மிக அவசியம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியும் இருக்கிறது. ஆனால் தீண்டாமை ஒரு வகுப்பறையில் எப்படி வேலை செய்கிறது, தண்ணீர்க் குவளையில் தொடங்கி வாசிப்புக் குழுவரை அது எப்படி நகர்கிறது என்பதற்குப் பாடம் கிடையாது. 'பின்தங்கிய குழந்தைகள்' என்று இரண்டு பத்தி இருக்கும். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. ஆசிரியர் தகுதித் தேர்விலும் 150 கேள்விகளில் 30 கேள்வி குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியதுதான், நான்கில் ஒன்றைக் கட்டமிட்டால் முடிந்தது.

எம்.எட். நிலைமையோ இன்னும் பரிதாபம். எங்களுக்குத் தெரிந்த பல ஆசிரியர்கள் அதை ஊதிய உயர்வுக்காகப் படித்தார்கள். கல்லூரி வாசலை எத்தனை முறை மிதித்தார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். 2020 மார்ச்சில் உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை மாநில அரசு நிறுத்தியது. அதோடு அந்த ஆர்வமும் நின்றது. இப்போது, பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐம்பது வயது ஆசிரியர் பயிற்சி மையத்தில் உட்கார்ந்து கட்டமிடப் பழகிக்கொண்டிருக்கிறார். வகுப்பில் இருக்கும் பிள்ளையைப் பற்றிப் படிக்க அவருக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை.

நம் பக்கத்திலிருந்தே ஒரு எதிர்ப்பு வருகிறது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டமொன்றில் மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "எல்லாருக்கும் ஒரே பாடம் வேணும்னுதான இத்தன வருஷம் போராடுனோம்? இப்ப நீங்களே நம்ம புள்ளைக்குத் தனிப்பாடம் கேக்குறீங்களா?"

அவருடைய பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டப்படி கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். 'அவரவருக்கு ஏற்ற கல்வி' என்ற இனிப்பான சொல்லில்தான் அது வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள். பெரியாரின் இயக்கம் தெருவில் இறங்கியது, ராஜாஜி பதவி விலகினார், 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. 2010இல் சமச்சீர்க் கல்வி வந்தபோதும் நாம் ஆதரித்தது இந்த நினைவோடுதான். ஆகவே 'ஏற்ற' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காது விறைப்பது இயல்பு.

நாம் கேட்பது சேரும் இடத்தில் வேறுபாடு அல்ல. சூளைப் பையனும் தலைமையாசிரியர் மகனும் ஐந்தாம் வகுப்பு முடிவில் ஒரே கழித்தலைச் செய்ய வேண்டும், ஒரே கதையைப் படித்து எழுத வேண்டும். அதற்கு இவனுக்கு வேறு பாதையும் கூடுதல் நேரமும் வேண்டும் என்கிறோம். குலக்கல்வி அவனைச் சூளையிலேயே விட்டுவைக்கும். நாம் கேட்கும் படிப்பு அவனுடைய சூளைக் கணக்கைப் பிடித்துக்கொண்டு அவனை அங்கிருந்து வெளியே கொண்டுவரும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்துவதும் நடுநிலை அல்ல, தோழரே. அந்த வேகம் யாருடைய வீட்டுப் பிள்ளையின் வேகம்?

தமிழ்நாடு இதை முயன்று பார்க்காத மாநிலமும் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் முறையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏணியில் தன் படியில் நின்று அட்டையை எடுத்துப் படித்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். சத்தாரா பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்காரவைக்கப்பட்ட பீமாராவின் பேரப்பிள்ளைகளோடு ஆசிரியர் ஒரே பாயில் உட்கார்ந்தது எங்களுக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை. (அந்த பீமாராவ் பின்னாளில் கொலம்பியாவில் ஜான் டூயியின் வகுப்பில் உட்கார்ந்தார், பள்ளி என்பது ஒரு சமுதாயம் என்று சொன்ன அதே டூயி.) ஆனால் அட்டைகள் மாநிலம் முழுக்கப் போன வேகத்தில் அதன் பின்னால் இருந்த படிப்பு போகவில்லை. ஏன் இப்படி என்று தெரியாத ஆசிரியருக்கு அட்டை இன்னொரு சுமை. கிழிந்த அட்டைகளோடு அந்த முறையும் மெல்லக் கிழிந்தது. அரும்பு, மொட்டு, மலருக்கும் அதே கதி நேரக்கூடாது என்றுதான் எழுதுகிறோம்.

எப்படிப்பட்ட படிப்பு வேண்டும்? மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் இரண்டு ஆண்டுப் பகுதிநேர முதுகலை. வாரத்தில் ஒரு நாள் பணிக்கால விடுப்பு, அந்த நாளில் பள்ளியைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஆசிரியர். இந்த மாற்று ஆசிரியர் இல்லாவிட்டால் ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரும் வர முடியாது, நகரத்துப் பெரிய பள்ளி ஆசிரியர்களே இடத்தை எடுத்துக்கொள்வார்கள். ஆய்வேடு கடையில் கிடைக்காத மாதிரி இருக்க வேண்டும். தன் வகுப்பில் ஐந்து பிள்ளைகளை ஓராண்டு பின்தொடர்ந்து, அவர்களுடைய வீட்டுக்குப் போய், எதனால் படிக்கவில்லை, எதை மாற்றியபோது படித்தார்கள் என்று எழுதுவதே ஆய்வேடு. காலனிக்குள் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் இந்தப் பட்டம் கிடையாது என்று வேடிக்கையாகச் சொல்வோம். வேடிக்கை பாதிதான்.

முதல் இடங்கள் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் போக வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். இணைப்பது சரியா தவறா என்ற விவாதம் நம்மிடையே இன்னும் முடியவில்லை, அது தனிக் கட்டுரைக்கு உரியது. எந்தத் துறையில் இருந்தாலும் அந்த ஆசிரியர்களுக்குப் படிக்க வாய்ப்பு வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறும் பொட்டும்தான் தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்தன. ஆசிரியர்களுக்குச் சாதிப் பாகுபாடு குறித்த பயிற்சி வேண்டும், ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அதைப் பற்றி ஒரு விவாதமும் நடக்கவில்லை. அரிவாள் வந்த பிறகு ஆலோசனை சொல்ல எல்லோரும் வருகிறார்கள். ஆறு வயதில் யார் எந்தக் குழுவில் உட்கார்ந்தார்கள் என்பது யாருக்கும் செய்தி அல்ல.

வரும் மாதம் எங்கள் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கப்போகும் மனுவில் இந்தப் படிப்போடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறோம். அதற்குப் பணம் செலவில்லை. வகுப்பைப் பார்வையிட வரும் அலுவலரின் படிவத்தில் இரண்டு கேள்வி கூடுதலாக வேண்டும்: பருவத் தொடக்கத்தில் அரும்பில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் மேலே போனார்கள்? போகாதவர்களில் ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஆசிரியர் நண்பர்கள் தங்கள் வகுப்பில் இந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பார்க்கலாம். பெயரும் பள்ளியும் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் எங்களுக்கு எழுதுங்கள். மனுவோடு இணைத்துக் கொடுக்கிறோம்.